த்ரெட் தொங்கினால் கெர்னலைக் கேள்

அன்புள்ள பாலா,

மகள் கல்லூரியில் சேர்ந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இனி உன் தலைவலிக்கு வருகிறேன்.

க்யூஎமு என்ற மெஷின் எமுலேட்டரில் எஸ்இஎல்4 மைக்ரோகெர்னலை ஓட்டும்போது ஃபைல் சர்வரும் சீரியல் டிரைவரும் கொஞ்ச நேரத்தில் அப்படியே நின்றுவிடுகின்றன, ஜிடிபி டீபக்கரில் 'இன்ஃபோ த்ரெட்ஸ்' கொடுத்தால் ஒரே ஒரு த்ரெட்தான் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். க்யூஎமுவில் ஜிடிபியோடு பேசும் பகுதியான ஸ்டப்புக்கு த்ரெட் என்றால் சிபியு. நீ ஒரு கோர் கொடுத்தாய், ஒன்று காட்டுகிறது. கெர்னலுக்குள் உள்ள டிசிபிகள், அதாவது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் கெர்னல் வைத்திருக்கும் பதிவுகள், அதன் கண்ணில் படாது.

அதனால் முதலில் கெர்னலையே கேள். டீபக் பில்ட் போட்டு, ஒவ்வொரு டிசிபிக்கும் 'டீபக் நேம் த்ரெட்' என்ற கெர்னல் அழைப்பு மூலம் பெயர் வை. டைமர் டிரைவருக்கு பிரயாரிட்டி 255 (அதுதான் உச்சம்), அதற்கு அடுத்து 254-இல் ஒரு காவல் த்ரெட். அதன் வேலை, ஐந்து நொடிக்கு ஒருமுறை 'டீபக் டம்ப் ஷெட்யூலர்' கூப்பிடுவது மட்டும். பெயர், நிலை, ஐபி (த்ரெட் நிற்கும் கட்டளையின் முகவரி), பிரயாரிட்டி, கோர் எல்லாம் சீரியலில் கொட்டும். அதில் அநேகமாக இப்படி இரண்டு வரி இருக்கும்:

ஃபைல்சர்வர் – ப்ளாக்ட் ஆன் ரிப்ளை
சீரியல் – ப்ளாக்ட் ஆன் செண்ட்

ஃபைல் சர்வர் பதில் கேட்டுக் கூப்பிட்டதை (கால்) சீரியல் வாங்கிக்கொண்டது. பதில் சொல்வதற்கு முன் அதுவே ஃபைல் சர்வரைத் திருப்பிக் கூப்பிட்டது. அங்கே ரிசீவில் யாரும் இல்லை, முடிச்சு விழுந்துவிட்டது. இரண்டுமே 'செண்ட்' என்றால் ஒரே சமயத்தில் ஒன்றையொன்று கூப்பிட்டிருக்கின்றன. மியூட்டெக்ஸ் என்ற பூட்டு எதுவும் இல்லாமலே டெட்லாக். கால் ஒரு திசையில் மட்டும் போகட்டும், எதிர்த் திசைக்கு, பதிலுக்குக் காத்திராத சிக்னலான நோட்டிஃபிகேஷன் போதும்.

நோட்டிஃபிகேஷனை எண்ணிக்கை என்று நினைத்துவிடாதே. பிட்டுகள் ஓஆர் ஆகி ஒன்றாகிவிடுமே தவிர எண்ணிக்கை ஏறாது. வெயிட்டுக்கு வருவதற்குள் இரண்டு சிக்னல் விழுந்தால் த்ரெட் ஒரே முறைதான் எழும். எழுந்ததும் ஒரு பாக்கெட்டை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பத் தூங்கினால் மற்றது ரிங்கிலேயே, அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் வட்ட வரிசையிலேயே, கிடக்கும். ரிங் காலியாகும்வரை எடுக்க வேண்டும்.

'ரன்னிங்' என்ற நிலையும் ஏமாற்றும். ஓடத் தயார் என்றுதான் அதற்கு அர்த்தம். மேல் பிரயாரிட்டியில் ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தால், கீழே இருப்பது சிபியுவைத் தொடாமலே 'ரன்னிங்' என்று நிற்கும்.

இதற்குப் பிறகுதான் ஜிடிபி. இரண்டு சர்வரும் ஒரே வர்ச்சுவல் முகவரியில் லிங்க் ஆகியிருந்தால், ஒன்றில் வைத்த பிரேக்பாயின்ட் மற்றதிலும் அடிக்கும். க்யூஎமுவின் மென்பொருள் மொழிபெயர்ப்பியான டிசிஜிக்கு அட்ரஸ் ஸ்பேஸ் பேதம் கிடையாது. எந்த அட்ரஸ் ஸ்பேஸ் ஓடுகிறது என்று காட்டும் சிஆர்3 ரெஜிஸ்டரின் மதிப்பை நிபந்தனையாகச் சேர்த்துவிடு. டிசிஜிக்குப் பதில் நிஜ சிபியுவிலேயே ஓட்டும் கேவிஎம்மில் ஓட்டினால் சாதா பிரேக்பாயின்ட் நினைவகத்தில் எழுத முயலும், பக்கம் மேப் ஆகாவிட்டால் தோற்கும். அங்கே ஹார்ட்வேர் பிரேக்பாயின்ட்தான், அதுவும் எக்ஸ்86-இல் நான்கே நான்கு.

ஸ்டெப் போட்டால் பிழை மறைகிறது என்றாயே, அதற்கும் காரணம் உண்டு. க்யூஎமு ஸ்டெப் பண்ணும்போது இன்டரப்ட்டையும் டைமரையும் நிறுத்திவைக்கும், அதைத் தீர்மானிக்கும் 'எஸ்ஸ்டெப்' அமைப்பின் இயல்பு மதிப்பு 7. டைமர் இல்லையென்றால் ஓடும் த்ரெட்டை இடையில் நிறுத்தும் ப்ரீஎம்ப்ஷன் இல்லை, த்ரெட்டுகள் முந்திக்கொள்வதால் வரும் ரேஸும் இல்லை. ஜிடிபியின் மெயின்டெனன்ஸ் பாக்கெட் வழியாக அதை 1 ஆக்கு.

எப்போதாவது மட்டும் வரும் பிழைக்கு, கட்டளை எண்ணிக்கையை வைத்து நேரத்தை நகர்த்தும் க்யூஎமுவின் ஐகவுண்ட்டோடு ரெக்கார்ட் போட்டு ஓட்டு. ஒருமுறை சிக்கிவிட்டால் ரீப்ளேயில் எத்தனை தடவை வேண்டுமானாலும் அதே வரிசையில் வரும். ஆனால் ஐகவுண்ட்டில் எல்லா வர்ச்சுவல் சிபியுவும் ஹோஸ்டின், அதாவது உன் நிஜ மெஷினின், ஒரே த்ரெட்டில் முறைவைத்து ஓடும், அதனால் நிஜ மல்டிகோர் ரேஸ் அதில் சிக்குவது அரிது. ஆர்ம் இமேஜை உன் எக்ஸ்86 மெஷினில் ஓட்டினால், நினைவக வாசிப்பு, எழுத்து வரிசையைக் காக்கும் மெமரி பேரியர் விட்டுப்போயிருந்தாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது. ஹோஸ்டின் கண்டிப்பான வரிசை அதை மூடிவிடும். அதற்கு நிஜ போர்டுதான்.

கெர்னல் மேல் மட்டும் அவசரப்பட்டுப் பழி போடாதே. அதன் சி குறியீட்டுக்கு 2009-இலேயே நிரூபணம் முடிந்துவிட்டது. மல்டிகோரும் டீபக் பில்டும் அதற்குள் வராது என்பது வேறு கதை.

டம்ப் எடுத்ததும் வெட்டாமல் முழுசாக அனுப்பு, பிரயாரிட்டி நெடுவரிசையோடு.

அன்புடன்,
முரளி