கொலுசு இறுகுகிறது என்றாயே

அன்பு மகளுக்கு,

நேற்று வீடியோ காலில் "சாயங்காலமானா கொலுசு இறுகுதும்மா, காலையில பார்த்தா லூசா கிடக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் நீ சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என் இடது காலை நீ சரியாகப் பார்த்ததே இல்லை. பார்க்கவிடாமல் மறைத்தது நான்தான். விளக்குத்தூண் பக்கத்தில் அந்தத் துணிக்கடையில் இருபத்திரண்டு வருஷம் நின்றேன். கவுண்டருக்கும் ரேக்குக்கும் நடுவே இரண்டடி இடம். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் வந்துவிடுவார். தீபாவளி சமயத்தில் காலையில் ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி பதினொன்றாகும்.

நீ பிறந்த பிறகு கெண்டைக்காலில் நீலமாக நூல் நூலாகத் தெரிந்தது. நாலைந்து வருஷத்தில் அது மண்புழு நெளிகிற மாதிரி புடைத்துக்கொண்டது. அம்மாச்சிக்கும் அப்படித்தான் இருந்தது. அவர் நாற்று நட்டு நின்ற கால். "நம்ம வம்சத்துக் கால் அப்படி" என்பார். நானும் நம்பிவிட்டேன். வம்சத்தில் வருவது உண்மைதான். ஆனால் வம்சத்தில் வந்தது என்பதற்காகச் சும்மா விட்டுவிட வேண்டியதில்லை என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. சேலை வேறு கணுக்கால் வரை மறைத்துவிடுகிறதா, யாருக்கும் தெரியவில்லை.

ஊரில் இதை நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோம். நரம்பு இல்லை, ரத்தக்குழாய் என்று பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். இதயத்திலிருந்து ரத்தம் காலுக்கு இறங்குவது சுலபம், திரும்ப மேலே ஏறுவதுதான் பாடு. அதற்காகத்தான் அந்தக் குழாய்க்குள் வரிசையாக வால்வு இருக்கிறது. மேலே போகத் திறக்கும், கீழே விழாமல் மூடும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் சதைக்கு வேலை இல்லை, ரத்தம் அப்படியே கணுக்காலில் கனத்து நிற்கிறது. குழாய் விரிய விரிய வால்வின் இரண்டு இதழும் ஒன்றை ஒன்று தொடாமல் போகிறது. நம் தெரு அடிபம்பு ஞாபகம் இருக்கிறதா? வாஷர் தேய்ந்த பிறகு எவ்வளவு அடித்தாலும் ஏறின தண்ணீர் மறுபடி உள்ளேயே இறங்குமே, அதேதான்.

மாசமாக இருப்பவளுக்கு இது இன்னும் கூடும். உடம்பில் ரத்தத்தின் அளவு கூடுகிறது, ஹார்மோனால் குழாய் இளகுகிறது, கர்ப்பப்பை அடிவயிற்றுக் குழாய்களை அழுத்துகிறது. குழந்தை பிறந்து சில மாதத்தில் பலருக்குத் தானாகவே தணிந்துவிடும். அதனால்தான் இப்போது லேசர், ஆபரேஷன் என்றெல்லாம் போகமாட்டார்கள். ஆனால் தணிந்துவிடும் என்று இந்த நாலு மாதமும் காலைக் கவனிக்காமல் விட்டுவிடாதே.

வகுப்பில் முழு நேரமும் நிற்கிறாய். போர்டில் எழுதும்போதே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, இருபது தடவை. பிள்ளைகள் எழுதும்போது வரிசைக்கு நடுவே நட. வீட்டுக்கு வந்ததும் தலையணையைக் காலுக்குக் கொடுத்துப் படு. கால் நெஞ்சை விட உயரத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எதிர் ஸ்டூலில் கால் வைப்பது அவ்வளவு உதவாது. கால்மணி நேரம், நாளைக்கு மூன்று தடவை. தூங்கும்போது இடப்பக்கம் சாய்ந்து படு, வயிற்றின் பாரம் பெரிய குழாயில் இறங்காது.

அப்புறம் ஸ்டாக்கிங்ஸ், காலை இறுக்கிப் பிடிக்கிற நீளக் காலுறை. நீயாகக் கடையில் வாங்கிவிடாதே. டாக்டர் முதலில் பாதத்தில் நாடி பார்க்க வேண்டும். காலுக்கு இறங்கும் ரத்தமே குறைவாக இருப்பவர்களுக்கு, சர்க்கரைக்காரர்களுக்கு அப்படி இருக்கலாம், இறுக்கமாகப் போட்டால் ஆபத்து. சரி என்று சொன்னால், காலையில் வீக்கம் இல்லாதபோது அளவு எடுத்து வாங்கு. கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே போட வேண்டும், ராத்திரி படுக்கும்போது கழற்ற வேண்டும். முதல் வாரம் எனக்கு அழுகையே வந்தது, ஏறவே ஏறாது. ஆஸ்பத்திரியில் பக்கத்து பெட் அக்காதான் சொல்லிக் கொடுத்தார்: விரல் பக்கம் திறந்த மாதிரி இருந்தால், வழவழ பிளாஸ்டிக் கவரைப் பாதத்தில் மாட்டி, அதன் மேல் இழுத்து, அப்புறம் விரல் வழியாகக் கவரை உருவிவிடலாம். வெயிலில் கசகசக்கும். பொறுத்துக்கொள்.

நான் பொறுக்கக்கூடாததைப் பொறுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உள் கணுக்காலுக்கு மேலே தோல் காப்பிக்கொட்டை நிறமாகி, தொட்டால் கட்டை மாதிரி ஆனது. அரிப்பு தாங்காமல் ஒருநாள் சொறிந்தேன். நகம் பட்ட இடம் புண்ணானது. யார் யாரோ சொன்ன பொடியையும் பச்சிலையையும் வைத்தேன். எட்டு மாதம் ஆறவில்லை. வாடை வருமோ என்று பஸ்ஸில் ஒதுங்கி நின்றேன். உன்னிடம் கொசுக்கடி என்றேன். கடைசியில் அதை ஆற்றியது, விரலிலிருந்து முழங்கால் வரை அடுக்கடுக்காகச் சுற்றிய அழுத்தக் கட்டுதான். கால் வீக்கம் இறங்கினால்தான் புண் ஆறும் என்றார்கள், அப்படியே நடந்தது. அதற்கப்புறம் நிற்க வைத்து, குழாயில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் செய்தார்கள். இன்றைக்கும் ஸ்டாக்கிங்ஸ் போடுகிறேன்.

குளிக்கும்போது ஒரு தடவை அந்தப் புடைப்பு உடைந்து ரத்தம் பீச்சியது. பயந்துபோய் முக்காலியில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நிற்கவே இல்லை. அப்படிச் செய்யக்கூடாது. உடனே படுத்து, காலைத் தூக்கி வைத்து, சுத்தமான துணியால் அந்த இடத்தைக் கையெடுக்காமல் அழுத்த வேண்டும். அப்புறம் ஆஸ்பத்திரி.

இதைக் கவனமாகப் படி, மாப்பிள்ளையையும் படிக்கச் சொல். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் அது ஆழத்தில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். மாசமாக இருக்கும்போது அதற்கு வாய்ப்பு அதிகம். எண்ணெய் போட்டு நீவவே கூடாது, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள், 108. முகமும் கையும் சேர்ந்து வீங்கி, தலைவலி வந்து, பார்வை மங்கினால் அது பிரஷர் கூடியதாக இருக்கலாம். அதற்கும் உடனே ஓட வேண்டும்.

கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள், 2018இல் கேரளத்தில் சட்டம் வந்தது. 2021இல் நம் தமிழ்நாட்டிலும் வந்தது, கடையில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று. நான் வேலையை விட்ட பிறகு வந்தது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, சேலை செக்‌ஷனில் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டம் கடைகளுக்கானது. உன் பள்ளியில் நீதான் கேட்க வேண்டும். ஹெச்.எம். அம்மாவிடம் நேராகப் போய், மாசமாக இருக்கிறேன், வகுப்பில் எனக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று சொல். கூச்சப்படாதே.

தையல் பெட்டியிலிருந்து டேப் எடுத்து, காலையில் எழுந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை இரண்டு கணுக்காலையும் அளந்து எழுதி வை. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறுகிறேன், சனிக்கிழமை டாக்டரிடம் சேர்ந்தே போவோம். கொலுசை இன்றைக்கே கழற்றிவிடு. திருகாணி பத்திரம், அது தொலைந்தால் அதே மாதிரி கிடைக்காது.

அம்மா