விழாச் சேலைகளை நம் ஊர்த் தறியில் நெய்யச் சொல்லலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் மாணவியர் விடுதி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகக் காப்பாளராகப் பணியாற்றி வருகிறேன். தேர்வுகள் முடிந்து பிள்ளைகள் அறைகளைக் காலி செய்துவிட்டுப் போனபின், அவர்கள் விட்டுச் சென்ற பொருள்களைப் பிரித்து எடுக்கும் வேலை ஒவ்வொரு மே மாதமும் எங்களுக்கு வரும். முன்பெல்லாம் வாளி, குவளை, கிழிந்த பாய், பழைய நோட்டுகள் என்றுதான் கிடக்கும். சில ஆண்டுகளாக அவற்றைவிடத் துணிகளே அதிகம். சென்ற மே மாதம் ஒரு தளத்தின் வராந்தாவில் மட்டும் பதினேழு சேலைகளை எண்ணினேன். பதினேழும் ஒரே கத்தரிப்பூ நிறம், ஒரே மெல்லிய பாலியஸ்டர், ஒரே ஒட்டுச் சரிகைக் கரை. இரண்டில் விலைச்சீட்டுக்கூட அப்படியே இருந்தது. ஒன்றிலும் ஃபால்ஸ் தைத்திருக்கவில்லை. பொங்கல் விழாவுக்காக ஒரு வகுப்பு மாணவியர் சேர்ந்து இணையத்தில் வாங்கிய சேலைகள் அவை. ஒரே ஒரு நாள், அதுவும் காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரைதான் கட்டியிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளைக் குறை கூற இக்கடிதத்தை எழுதவில்லை. ஒரு வகுப்பே ஒரே நிறத்தில் வந்து நிற்பதில் அழகு இருக்கிறது. வசதி உள்ளவள், இல்லாதவள் என்ற வேறுபாடு அன்றைக்கு ஒரு நாளாவது யார் கண்ணிலும் படுவதில்லை என்ற நிம்மதியும் இருக்கிறது. நானூறு ரூபாய்க்கு மேல் போனால் என்னால் முடியாது என்று வாய்திறந்து சொல்லத் தயங்கும் மாணவி ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறாள். ஆகவே அந்த ஆசையை மதித்துக்கொண்டே, அதை நிறைவேற்ற இதைவிட நல்ல வழி நம் ஊரிலேயே இருக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக இங்குள்ள கல்லூரிகளின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019ஆம் ஆண்டு, திண்டுக்கல் பூட்டுக்குக் கிடைத்த அதே வேளையில், புவிசார் குறியீடு கிடைத்தது. கடுகு மஞ்சளும் அரக்குச் சிவப்பும் கருப்பும் பெரிய கட்டங்களாக ஓடும் அந்தப் பருத்திச் சேலையைத் தேவாங்கர் சமூகத்து நெசவாளர் குடும்பங்கள் இந்த ஊரில் தலைமுறைகளாக நெய்து வருகின்றன. இது கல்லூரி ஊராக வளர வித்திட்ட வள்ளல் அழகப்பரும் நூற்பாலை நடத்தியவர்தாம். 1947இல் அவர் தொடங்கிய கலைக் கல்லூரி, 1985இல் உருவான பல்கலைக்கழகம் என்று இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். தறி ஓடும் தெருக்களுக்கு வளாகத்திலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். ஆயினும் மூன்றாண்டு இங்கே தங்கிப் படித்துவிட்டு, ஒரு தறியைக்கூடக் கண்ணால் பார்க்காமல் ஊர் திரும்பும் பிள்ளைகளே மிகுதி.

அந்தப் பதினேழு சேலைகளை எடுத்து வைத்த வாரத்திலேயே எனக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். தறிக்குழியில் காலை இறக்கி அமர்ந்து, மஞ்சளில் அரக்குக் கட்டம் நெய்துகொண்டிருந்தார். நிறம் மாறும் இடம் வந்ததும் கையிலிருந்த நாடாவை, அதாவது குறுக்கு இழையான ஊடையை ஓட்டும் கட்டையை, வைத்துவிட்டு வேறு நிற ஊடை ஏற்றிய நாடாவை எடுத்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு சிறு குச்சியை வைத்து அளந்து பார்த்தார். "கட்டம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கொசுவம் வைக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும் அம்மா" என்றார். கத்தரிப்பூச் சேலைகளின் கதையை அவரிடம் சொன்னபோது அவர் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "முப்பது பேருக்கு ஒரே நிறமா? அப்படிக் கேட்டு எங்களிடம் யாரும் வருவதில்லையே" என்றார்.

அதன் பொருள் அவர் விளக்கியபின்தான் எனக்குப் புரிந்தது. தறியில் ஏற்றும் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஒரே ஒரு சேலைக்கு உரியதன்று. பல சேலைகளுக்கான நீளம் ஒன்றாகவே சுற்றப்படுகிறது. அது முடிந்ததும் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு கையால் பிணைக்க வேண்டும். பாவின் நிறத்தை மாற்றும்போதெல்லாம் நெசவு நின்றுபோகிறது. நெசவு நின்றால் கூலியும் இல்லை. கடையில் ஆளுக்கொரு நிறம் கேட்பதுதான் தறிக்காரருக்குச் சிரமம். ஒரு வகுப்பே ஒரே நிறத்தில் கேட்டால் ஒரு பாவு நிற்காமல் ஓடும். நம் மாணவியர் கேட்பதும் தறி கேட்பதும் ஒன்றாகவே இருக்க, அவர்கள் எங்கோ தொலைவிலிருந்து பார்சலில் வரவழைக்கிறார்கள்.

தறியால் இயலாதது ஒன்றுதான்: அவசரம். மார்கழி பிறந்தபின் நிறம் முடிவு செய்து பொங்கலுக்கு வேண்டும் என்றால் எந்த நெசவாளராலும் தர இயலாது. 1905இல் சுதேசி இயக்கம் தொடங்கிய நாளின் நினைவாக, 2015 முதல் ஆகஸ்ட் 7ஆம் நாளைத் தேசியக் கைத்தறி தினமாகக் கொண்டாடுகிறோம். கல்லூரிகளில் அன்று கண்காட்சி வைக்கிறார்கள், உறுதிமொழி எடுக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நாளிலேயே துறைகள் தத்தம் பொங்கல் விழாச் சேலைக்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் முன்பணம் கட்டிவிட்டால், நெய்து தர ஐந்து மாதங்கள் கிடைக்கும்.

விலையைப் பற்றிப் பேசாமல் இதைச் சொல்வது நியாயமாகாது. கைத்தறிக் கண்டாங்கியின் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அதை ஒவ்வொரு மாணவியும் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பட்டமளிப்பு விழாவுக்கு அணியும் கருப்பு அங்கியை எந்த மாணவியும் சொந்தமாக வாங்குவதில்லை. ஒருத்தி கழற்றிக் கொடுத்ததை அடுத்த ஆண்டு இன்னொருத்தி அணிகிறாள், அதை யாரும் இழுக்காக நினைப்பதில்லை. விழாச் சேலையையும் அவ்வாறே துறையின் சொத்தாக்கலாம். சேலைக்கு அளவு என்பது கிடையாது. ஒல்லியானவளும் பருமனானவளும் அதே ஐந்தரை மீட்டரைத்தான் கட்டுகிறார்கள். ரவிக்கை மட்டும் அவரவருடையதாக இருந்தால் போதும். நாற்பது சேலைகளைத் துறை ஒருமுறை வாங்கி அலமாரியில் வைத்தால், ஆண்டுதோறும் மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம். அப்போது மாணவியின் செலவு சலவைக்கூலியும் கஞ்சியும்தான். நானூறு ரூபாய்கூட இல்லாத மாணவியும் அன்று தலைநிமிர்ந்து நிற்பாள். மாணவர்களின் வேட்டிக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

பருத்திக்கு நீண்ட ஆயுள் உண்டு. என் தாயார் கட்டிய கண்டாங்கி ஒன்று முதல் ஆண்டு விறைப்பாக இருந்து, துவைக்கத் துவைக்க மென்மையாகி, நைந்தபின் என் தம்பிக்குத் தூளியாயிற்று. பிறகு தலையணை உறைகளாயின. மிஞ்சியது அடுப்படியில் கரித்துணியாகக் கிடந்து தேய்ந்து தீர்ந்தது. பாலியஸ்டர் சேலை கரித்துணிக்குக்கூட உதவாது. தண்ணீரை உறிஞ்சாது, சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டும். மக்காமல் குப்பைமேட்டிலேயே கிடக்கும், கொளுத்தினால் கரும்புகையாகும். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பீங்கான் தட்டையும் பித்தளைக் கூஜாவையும் தேடி வெளிநாட்டினர் வருகிறார்கள். பழையதற்கு மதிப்புண்டு என்பதை வியாபாரமாகவே அறிந்த ஊர் இது.

கைத்தறி என்பதாலேயே எல்லாம் தூய்மை என்று நான் வாதிடவில்லை. கண்டாங்கிக்கான நூலுக்கும் சாயம் ஏற்ற வேண்டும். சாயக்கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்பதையும், பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப் போனதையும், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டி வந்ததையும் தமிழ்நாடு மறந்திருக்காது. சாயமே இல்லாத துணியை எல்லாரும் உடுத்துவது இயலாது. ஆனால் ஒருமுறை சாயம் ஏற்றிய துணியைப் பதினைந்து விழாக்களுக்குக் கட்டுவது நம் கையில் இருக்கிறது. "செட்டிநாடு காட்டன்" என்ற பெயரில் விசைத்தறிச் சேலைகளும் கடைகளில் ஏராளமாக விற்பனையாகின்றன. எனவே துறைகள் வாங்கும்போது கைத்தறி முத்திரையைப் பார்த்து, கூடுமானவரை சங்கத்திலேயே வாங்குவது நல்லது. முதல் சலவையில் சாயம் கொஞ்சம் இறங்கலாம். கல்லுப்பு கரைத்த நீரில் தனியே நனைத்து, நிழலில் உலர்த்தும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கல்லூரி முதல்வர்களும் துறைத்தலைவர்களும் வரும் கல்வியாண்டில் ஒரே ஒரு துறையிலாவது இதைச் செய்து பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் கட்டும் நாளில் மாணவியரையும் தறிக்கு அழைத்துச் சென்று, நிறத்தையும் கட்டத்தையும் அவர்களே தேர்ந்தெடுக்கும்படி விட வேண்டும்; தாங்கள் தேர்ந்த சேலையை அவர்கள் வராந்தாவில் போட்டுவிட்டுப் போக மாட்டார்கள் என்பது இத்தனை ஆண்டுகள் அவர்களோடு இருந்த எனக்கு உறுதியாகத் தெரியும்.

அந்தப் பதினேழு கத்தரிப்பூச் சேலைகளையும் துவைத்து, ஃபால்ஸ் தைத்து, விடுதிப் பொருளறையில் மடித்து வைத்திருக்கிறேன். தறிச் சேலைகள் வரும்வரை எந்த வகுப்பு கேட்டாலும் தருவேன். விழா முடிந்ததும் திரும்ப வந்தால் போதும்.

இப்படிக்கு,
மாணவியர் விடுதிக் காப்பாளர் ஒருவர்,
காரைக்குடி.