மாத்திரை அட்டை

அன்புள்ள முத்துவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. வேறு செய்தி இல்லை.

உன் ரத்த அறிக்கையைத் தம்பியின் போனில் பார்த்தேன். அவனாகக் காட்டவில்லை, சார்ஜில் கிடந்தது, கண்ணில் பட்டது. அவனைத் திட்டாதே. பதினோரு நாள் டைபாய்டுக் காய்ச்சலோடு ஹைதராபாதில் தனியாகக் கிடந்திருக்கிறாய். பொங்கலன்று நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மாத்திரையை முழுதாக முடித்தாயா?

முப்பத்தோரு வருடம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தவனுக்கு அறிக்கை படிக்கத் தெரியாதா? வெள்ளையணு 3,400. மற்றப் பல பாக்டீரியாக் காய்ச்சல்களில் பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் என்று ஏறும். டைபாய்டில் பெரும்பாலும் ஏறாது, இறங்கக்கூடச் செய்யும். வெள்ளையணுவில் ஒரு வகையான ஈசினோபில் சைபர். செம்மணிகளை அள்ளி அப்பியதுபோல் இருக்கும் அந்த அணு. கண்ணாடித் தகட்டில் தேடித் தேடி ஒன்றுகூட அகப்படாவிட்டால், ‘டைபாய்டாக இருக்கலாம் ஐயா’ என்று டாக்டரிடம் சொல்லிவிடுவேன். பல தடவை சரியாக இருந்திருக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் உனக்குக் கொஞ்சம் குறைவுதான். பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா என்று பார்.

கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. 148, ஏறித்தான் இருக்கிறது. கண் மஞ்சளாக இருக்கிறது என்று தம்பிக்கு எழுதியிருந்தாய். அம்மா அதற்குள் கீழாநெல்லி பறித்து வைத்துவிட்டாள். கிருமி குடல் வழியாக ரத்தத்தில் ஏறிக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று குடியேறுவதால் வருவது இது. காய்ச்சல் தீர்ந்தால் தானே தணியும். ஆனால் பாதியில் மருந்தை விட்டால், இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் திரும்பி வரலாம். மாத்திரையை முடித்தாயா?

மாடிப்படி ஏறினால் தொடை கடுக்கிறதாமே. டைபாய்டில் இறந்தவர்களின் வயிற்றுத் தசையும் தொடைத் தசையும் மெழுகுபோல் மாறியிருந்ததை ஜென்கர் என்ற ஜெர்மானியர் 1864இலேயே எழுதினார். பயந்துவிடாதே, அது முற்றிப்போனவர்களின் கதை. ஆனாலும் இப்போதைக்கு உடற்பயிற்சிக் கூடம் வேண்டாம். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. கையேந்தி பவனில் சாப்பிடாதே என்று எத்தனை தடவை சொன்னேன்! சரி, விடு. யாரிடமும் கை நீட்டாமல் ஆஸ்பத்திரிச் செலவை நீயே பார்த்துக்கொண்டாய் என்று தம்பி சொன்னான்.

இரண்டாம் வகுப்பில் உனக்கு டைபாய்டு வந்ததே, அதை உன்னிடம் சொன்னதில்லை. மூன்றாம் நாளே நான்தான் ரத்தம் எடுத்தேன். டைபாய்டுக்கான விடால் பரிசோதனை நெகட்டிவ். ‘ஒன்றுமில்லை’ என்று பள்ளிக்கு அனுப்பினேன். முதல் வாரத்தில் விடால் காட்டாது என்று எனக்குத் தெரியும். அன்று ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள், லீவு போட முடியாது. பத்தாம் நாள் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் உன் அம்மா. அவளிடம் அதற்குப் பிறகும், சீக்கிரம் பார்த்ததால் தெரியவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். பொங்கலன்று நீ கேட்ட கேள்விக்கு நான் கத்தியதும் அதனால்தான்.

பொரியரிசி மாவு பார்சலில் வருகிறது. மோர் நிறையக் குடி. கொதித்து ஆறிய தண்ணீர்.

காலி மாத்திரை அட்டையைப் படம் எடுத்து அனுப்பு. எனக்கு வேண்டாம், அம்மாவுக்கு அனுப்பினால் போதும்.

அப்பா