இதயத்துக்குக் கேட்கிறது, கொழுப்புக்குக் கேட்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உடல் எடை கட்டுரையில் 'அட்ரினலின் சுரந்தால் கொழுப்பு கரையும்' என்று ஒரு வரி இருந்தது. அட்ரினலின் என்பது பரபரப்பிலும் உடற்பயிற்சியிலும் உடல் சுரக்கும் ஹார்மோன். தவறில்லை. ஆனால் அந்த வரியைச் சொல்லித்தான் இங்கே பெங்களூரில் சில ஜிம்களில் பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அல்சூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு என் அக்கா மகன் கடைக்கு வந்து கையை நீட்டினான். விரல்கள் நடுங்கின. நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டியிருந்தது. 94 கிலோ இருக்கிற பையன். பயிற்சியாளர் 'க்ளென்' கொடுத்தாராம், அதாவது க்ளென்பியூட்டரால். அட்ரினலின் போலவே உடலைத் தூண்டும், சில நாடுகளில் ஆஸ்துமாவுக்கும், குதிரைகளுக்கும் கொடுக்கிற மருந்து. அமெரிக்காவில் மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதியே இல்லை. உடனே டாக்டரிடம் கூட்டிப்போய் ஈசிஜி எடுத்தோம், ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தோம். இந்த மருந்து பொட்டாசியத்தை இறக்கிவிடும். இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கு அது போதும். நல்லவேளை, தப்பித்தான்.

கட்டுரையில் விடுபட்டது இதுதான். கொழுப்பு செல்லின் மேல் இரண்டு வகை ஏற்பிகள், அதாவது ஹார்மோனின் கட்டளையைக் கேட்கும் காதுகள், உண்டு. அட்ரினலினோ அதன் உறவான நார்அட்ரினலினோ வந்து பீட்டா ஏற்பியில் ஒட்டினால் உள்ளே சேர்ந்த கொழுப்பு உடைந்து ரத்தத்துக்கு வரும். ஆல்ஃபா-2 ஏற்பியில் ஒட்டினால் உடைவது தடைபடும். உடல் பருத்தவர்களின் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் பீட்டா-2 ஏற்பிகள் குறைந்து, ஆல்ஃபா-2 பக்கம் கை ஓங்கிவிடுகிறது. போதாததற்கு ரத்தத்தில் எப்போதும் கூடுதலாக இருக்கும் இன்சுலினும் கதவை இழுத்துப் பிடிக்கிறது. மெலிந்தவருக்குக் கேட்கிற கட்டளை இவர்களுடைய கொழுப்புக்கு அரைகுறையாகத்தான் கேட்கிறது. இதயத்தில் இருக்கும் பீட்டா ஏற்பிகளுக்கோ நன்றாகவே கேட்கிறது. மாத்திரை யாருக்கு அதிகம் தேவை என்று சொல்லி விற்கிறார்களோ, அவர்களுக்குத்தான் பலன் குறைவு, ஆபத்து மட்டும் முழுசாக.

கொழுப்பு உடைந்து வெளியே வந்தாலும் அதைத் தசை எரிக்க வேண்டும். எரிக்காவிட்டால் திரும்பப் போய்ச் சேர்ந்துகொள்ளும், கல்லீரலிலும் படியும்.

இதேபோல் பீட்டா ஏற்பியைத் தூண்டும் இன்னொரு மருந்து, சிறுநீர்ப்பைக் கோளாறுக்குக் கொடுக்கும் மிராபெக்ரான். அதைக் கொண்டு பழுப்புக் கொழுப்பை, அதாவது எரிந்து உடலுக்குச் சூடு தரும் கொழுப்பைத் தூண்ட முடியுமா என்று 12 இளைஞர்களிடம் சோதித்த ஆய்வு 2015-இல் வந்தது. 200 மில்லிகிராம் கொடுத்தார்கள். வழக்கமான அளவு 25 முதல் 50. உடல் செலவழிக்கும் சக்தி கூடியது. கூடவே நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. மருத்துவர்கள் கண்காணித்துச் செய்ததிலேயே அப்படி.

'வாயைக் கட்டத் தெரியாதவன்' என்று என் அக்கா மகனை நாங்கள் எல்லோரும் திட்டியிருக்கிறோம், நானும்தான். அவன் உடம்பே அவனுக்கு ஒத்துழைக்காமல் இருந்ததை யாரும் அவனிடம் சொல்லவில்லை. அந்த அவமானம்தான் அவனை மாத்திரைக்குத் தள்ளியது. எடை குறையக் குறைய, உடற்பயிற்சி தொடரத் தொடர, அந்தச் செல்களுக்குக் கேட்கும் திறன் திரும்புகிறது. இப்போது தினமும் காலையில் என்னோடு ஏரிக்கரையில் நடக்கிறான்.

அடுத்த இதழில் இதையும் வெளியிடுங்கள். உங்கள் இதழ் வாங்கும் பல வீடுகளில் ஜிம்முக்குப் போகிற பிள்ளை இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
அல்சூர், பெங்களூரு