கோப்பைச் சேர்த்தால் மட்டும் ஓடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வந்த வொர்க்ஃப்ளோ (அலுவலகப் பணிகளைப் படிப்படியாக நகர்த்தும் மென்பொருள்) கட்டுரையில், 'ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை வியூவில் சேர்த்துவிட்டால் போதும், எல்லாப் படிவத்திலும் வேலை செய்யும்' என்று ஒரு வரி இருந்தது. ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் இதே வேலையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் அதை நம்பினால் மாட்டிக்கொள்வார்கள்.

ஐபிஎம் பிசினஸ் ஆட்டோமேஷன் வொர்க்ஃப்ளோவையே எடுத்துக்கொள்ளலாம். அதில் திரையின் ஒவ்வொரு துண்டும் ஒரு கோச் வியூ. பக்கம் திறக்கும்போதே ஏஎம்டி வகை லோடர் (நிரல் கோப்புகளைத் தேவைக்கேற்ப ஏற்றித் தருவது) ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். தேதிகளைக் கையாளும் மொமென்ட் போன்ற லைப்ரரி, லோடர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருந்தால் தன்னை அதனிடம் ஒப்படைத்துவிட்டு, விண்டோவில், அதாவது பக்கம் முழுவதற்குமான பொது இடத்தில், தன் பெயரைப் பதியாமலே போய்விடும். பிரவுசரின் நெட்வொர்க் டேபில் கோப்பு 200 (வெற்றி) என்று ஒழுங்காக இறங்கியிருக்கும். பிழைகளைக் காட்டும் கன்சோலோ 'மொமென்ட் இஸ் நாட் டிஃபைன்ட்' என்று சிவப்பில் கத்தும். இறங்கிய கோப்பைத் திரும்பத் திரும்ப இறக்கிப் பயனில்லை.

இதற்கு வழி, வியூவின் பிஹேவியர் பகுதியில் ஏஎம்டி டிபென்டென்சி என்று ஒரு அட்டவணை உண்டு. அதில் மாட்யூல் (லோடர் ஏற்றும் நிரல் துண்டு) ஐடியையும், அதற்கு நாம் வைக்கும் அழைப்புப் பெயரான அலையஸையும் எழுத வேண்டும். லோட், வியூ, சேஞ்ச் ஆகிய ஹேண்ட்லர்களில் (அந்தந்த நேரத்தில் ஓடும் நிரல்கள்) அந்த அலையஸ்தான் கைக்குக் கிடைக்கும் பெயர். சொந்த மாட்யூல் என்றால், ஏஎம்டியின் டிஃபைன் என்ற செயலுக்குள் எழுதி, ஜிப் செய்து, டூல்கிட் என்ற பொதுத் தொகுப்பில் வெப் ஃபைலாக ஏற்ற வேண்டும். ஜிப் இருக்கும் இடத்தை லோடரிடம் பேக்கேஜாகச் சொல்லும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றும் தேவை. மாட்யூலைத் தேடப் போகுமுன் அது ஓடியிருக்க வேண்டும். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் இரண்டு. ஃபோல்டரையே ரைட் கிளிக் செய்து ஜிப் போட்டால் உள்ளே ஒரு ஃபோல்டர் கூடுதலாகிப் பாதை மாறிவிடும். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, சர்வர் பார்க்கும். இரண்டுக்கும் பலன் ஒன்றே, 404, அதாவது கோப்பு கிடைக்கவில்லை.

இவையாவது கண்ணில் படும் பிழைகள். படாத ஒன்றுதான் பணத்தில் கை வைக்கும். உதாரணமாக, பயணப்படி படிவத்தில் மூன்று வரிசை: மெஜஸ்டிக் 180 ரூபாய், சில்க் போர்டு 240, ஹெப்பால் 310. வரிசைக்கு ஒன்றாக அதே வியூ மூன்று முறை உருவாகும். மாட்யூலோ ஒரே முறைதான் ஓடும்; பிறகு எல்லோருக்கும் அதே பிரதிதான். கட்டணத்தை மாட்யூலின் மேல்மட்ட மாறியில் வைத்தால் மூன்று வரிசையும் அதைப் பங்குபோட்டுக்கொள்ளும். கடைசியாக எழுதிய 310 மட்டும் நிற்கும். கூட்டுத்தொகை 730க்குப் பதில் 930. ஒரே வரிசை வைத்து டெஸ்ட் செய்தால் இது வெளியே வரவே வராது. மாட்யூலில் செயல்களை மட்டும் வைத்து, மதிப்பை வியூவின் திஸ்ஸில் (அந்த ஒரு வியூவையே குறிக்கும் சொல்) வைப்பதே சரி. பிறகு அழைக்கப்படும் செயலான கால்பேக்குக்குள் திஸ் நழுவும் என்பதால் முன்பே ஒரு மாறியில் பிடித்துவைக்க வேண்டும். திரைக் கூறான எலிமென்ட்டை ஐடி வைத்துப் பக்கம் முழுக்கத் தேடாமல், அந்த வியூவின் கான்டெக்ஸ்ட் எலிமென்ட்டுக்குள் தேட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வரிசைதான் அகப்படும். டைமர் வைத்திருந்தால், வியூ நீங்கும்போது ஓடும் அன்லோடில் அதை நிறுத்திவிட வேண்டும்.

கட்டண உச்சவரம்புச் சோதனையை மாட்யூலில் எழுதுவது பயனருக்கு வசதி, அவ்வளவே. பிரவுசரில் அதை யாரும் மாற்றலாம். சர்வர் பக்கத்திலும் அதே சோதனை இருந்தாக வேண்டும்.

அந்த வரியைத் திருத்தி, ஒரு வரிசைக்குப் பதில் மூன்று வரிசை உள்ள படிவத்தின் படத்தோடு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு