எடை போடுவதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்: எல்லையோர ராலி கிளப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழக-கேரள எல்லையில் வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் ராலி, ஆட்டோகிராஸ் கார்ப் போட்டிகள் நடத்தும் கிளப் நிர்வாகிகளுக்கும், போட்டிக்கு முன் காரைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினி மேசையில் உட்காரும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

ஹெல்மெட்டின் தேதியைப் பார்க்கிறீர்கள், பெல்ட்டின் லேபிளைப் பார்க்கிறீர்கள், தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறீர்கள். நல்லது. ஆனால் காரை எடை போடுவது மட்டும், எல்லாம் முடிந்து யாராவது புகார் எழுதிக் கொடுத்தால்தான். கார் கட்டும் பசங்களில் பலருக்குத் தங்கள் கார் எத்தனை கிலோ என்றே தெரியாது. எவ்வளவு என்று தெரியாத எடையைக் குறைக்கக் கிளம்பினால் முதலில் கை போவது ட்ரில் மெஷினுக்கு.

25 மில்லிமீட்டர் ஹோல் சா மாட்டி 0.8 மில்லிமீட்டர் தகரத்தில் ஓர் ஓட்டை போட்டால் வெளியே விழும் வில்லை 3 கிராம். நூறு ஓட்டைக்கு 300 கிராம். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் கோ-டிரைவர் காலடியில் உருளும் தண்ணீர் பாட்டிலில் அதைவிட அதிகம் மிச்சமிருக்கும். அந்த ஓட்டைகள் விழுகிற இடத்தைப் பாருங்கள்: சீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், கதவுக்குள் இருக்கும் மோதல் தடுப்புக் குழாய், பின் ஷாக் அப்சார்பர் டவரைச் சுற்றிய தகடு. கம்பெனி போட்ட ஓட்டைக்குப் பெரும்பாலும் விளிம்பு மடித்திருக்கும். நாம் போட்டதில் பிசிறு நிற்கும். கல்ரோட்டில் அதிர அதிர அந்தப் பிசிறிலிருந்துதான் வெடிப்பு கிளம்பும். பெயின்ட்டில் மயிரிழை போல ஒரு கோடு முதலில் தெரியும். அந்தக் கோட்டில் துரு இறங்கிவிட்டால் உள்ளே தகடு விட்டுக் கொஞ்ச நாளாகிறது என்று அர்த்தம். பெயர்ப் பலகையில் எந்த கிளப் பெயர் இருந்தாலும் சரி, இந்த இடங்களில் ஓட்டை கண்டால் காரைத் திருப்பி அனுப்புங்கள்.

எடை போட வழி இல்லை என்று சொல்ல வேண்டாம். எல்லைச் சாலை முழுக்க லாரி எடைமேடை இருக்கிறது, ஆனால் அது இந்த வேலைக்கு உதவாது. 60 டன் மேடை பெரும்பாலும் 10 கிலோ கணக்கில்தான் காட்டும். இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்த 8 கிலோ அதில் தெரியவே தெரியாது. தேங்காய் மண்டியிலும் உரக்கடையிலும் இருக்கும் 500 கிலோ பிளாட்பார்ம் தராசு நான்கு இருந்தால் போதும். நான்கும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். தரை சரிவாக இருந்தால் அடியில் பலகை கொடுத்து டியூப் லெவலால் சரிபாருங்கள். காற்று நான்கு டயரிலும் குறிப்பிட்ட அளவில் இருக்கட்டும். வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் ஆன்டி ரோல் பாரின் லிங்கைக் கழற்றிவிட்டு, காரை ஒருமுறை முன்பின் உருட்டி சஸ்பென்ஷனை உட்காரவைத்த பிறகு தராசைப் பாருங்கள். பெட்ரோல் எத்தனை லிட்டர், ஆள் உள்ளேயா வெளியேயா என்று தாளில் எழுதாத எடை எதற்கும் ஆகாது. லிட்டர் பெட்ரோல் 740 கிராம் சுமார். 42 லிட்டர் டேங்கை நிரப்பினால் 31 கிலோ. இரண்டு பேர் ஆளுக்கொரு அளவு பெட்ரோலோடு எடை போட்டுவிட்டு யார் கார் லேசு என்று சண்டை போடுவதை இதனாலேயே பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, மண். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கேரளத்திலேயே அபூர்வமான கரிசல். மழை பெய்தால் வீல் ஆர்ச்சுக்குள்ளும், எஞ்சின் அடியில் கல் படாமல் காக்கும் தகடான சம்ப் கார்டின் மேலும் அப்பிக்கொண்டு கிலோக் கணக்கில் ஏறும், காய்ந்தால் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். கழுவிய காரைத்தான் எடை போட வேண்டும் என்று விதியிலேயே எழுதிவையுங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். 2011-இல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் சுமார் 960 கிலோ. ராலிக்குத் தயாரிக்கும்போது நாம் முதலில் செய்வது எடையை ஏற்றுவதுதான்: ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டு), சம்ப் கார்ட், தீயணைப்பான், ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டு ஆள். எல்லாம் சேர்த்து 1200 கிலோவுக்கு வந்து நிற்கும். இதில் 60 கிலோ இறங்கினால் 5 சதவீதம். 85 குதிரைத்திறன் எஞ்சினில் அது நாலரைக் குதிரைத்திறன் கூட்டினதற்குச் சமம், அதோடு பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறையும். கேம் ஷாஃப்ட் மாற்றிச் செலவழிப்பதைவிட இது மலிவு.

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே ட்ராக்கில் ஓடும் சர்க்யூட் காரைப் பார்த்துவிட்டு ராலி காரையும் அதே மாதிரி உரிப்பவர்கள் உண்டு. சர்க்யூட் காருக்கு ஸ்டெப்னியும் வேண்டாம், சம்ப் கார்டும் வேண்டாம். ராலிக்கு இரண்டும் வேண்டும். எனவே எடையை வேறு இடத்தில் தேட வேண்டும்.

பின் சீட், கார்ப்பெட், கூரைத் துணி, ஸ்பீக்கர், பின் வைப்பர் மோட்டார், டிக்கி அட்டை எல்லாம் ஸ்பேனர் போட்டால் வந்துவிடும், சொல்லித்தர ஒன்றுமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: சில கார்களில் பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப்புக்கு மேல் ஒரு மூடி இருக்கும். சீட் போனபின் டேங்குக்கும் ஆளுக்கும் நடுவில் அந்த மூடி மட்டும்தான். அதன்மேல் தகடு வெட்டி, சீலன்ட் போட்டு, போல்ட் அடித்து மூடாத காரை ஸ்டார்ட் லைனுக்கே விடாதீர்கள்.

அடுத்தது சத்தத்தை அடக்கக் கார் தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட். அழுக்கு வேலை என்பதாலேயே பசங்கள் இதை விட்டுவிட்டு ஓட்டை போடப் போகிறார்கள். சின்னக் காரிலும் சில கிலோ இதில் கிடைக்கும், அதுவும் தகட்டைத் தொடாமல். டிரை ஐஸ் (உறைந்த கரியமில வாயு) கிடைத்தால் நொறுக்கித் தார் மேல் பரப்பி, பத்து நிமிடம் விட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். கண்ணாடி மாதிரி உடைந்து வரும். கனமான கையுறை வேண்டும். கதவு நான்கும் திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் மூடிய காருக்குள் அதிலிருந்து கிளம்பும் வாயு மூச்சை நிறுத்திவிடும். டிரை ஐஸ் இல்லையென்றால் ஹீட் கன்னால் தார் மெழுகு பதத்துக்கு வரும்வரை மட்டும் சூடாக்கி அகலமான ஸ்கிரேப்பரால் தள்ளுங்கள். புகை வந்தால் சூடு அதிகம். மிச்சத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, தின்னரால் ஒருமுறை கழுவி, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். பாலக்காட்டு மழைக்குப் பிரைமர் இல்லாத தகடு ஒரு சீசன் தாங்காது. தரை ஓட்டைகளில் ரப்பர் அடைப்பு திரும்பப் போட்டீர்களா என்றும் பாருங்கள், இல்லையென்றால் முதல் ஓடையிலேயே தண்ணீர் உள்ளே.

ஏசி முழு செட்டும் எடுத்தால் 12 முதல் 15 கிலோ, அதுவும் பெரும்பாலும் முன்பக்கம் தொங்கும் எடை. பைப்பை அறுக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் கேஸ் இருக்கிறது, ஏசி மெக்கானிக்கிடம் மெஷின் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கம்ப்ரசர் போனால் சில எஞ்சின்களில் பெல்ட்டின் நீளமும் மாறும். புல்லிகளைச் சுற்றிக் கயிறு போட்டு அளந்து அந்த நீளத்தில் வாங்க வேண்டும். ஆனால் ப்ளோயரையும் ஹீட்டரையும் விட்டுவையுங்கள். நெல்லியாம்பதி மாதிரி மலையில், மழையில், ஈர ஓவரால் போட்ட இரண்டு பேர் மூச்சு விட்டால் முன் கண்ணாடி அரை நிமிடத்தில் பனித்துவிடும். இரண்டு மூன்று கிலோவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட முடியாது.

கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் போட அந்தப் போட்டி வகுப்பின் விதி அனுமதித்தால் லாபம்தான்: 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ, அதே கனத்தில் பாலிகார்பனேட் 4.8 கிலோ. விலை குறைவென்று அக்ரிலிக் ஷீட்டை மாட்டிவிடுவார்கள். அது உடைந்தால் கத்தி மாதிரி துண்டு நிற்கும். போல்ட் ஓட்டையைப் போல்ட்டைவிடப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், நம் வெயிலில் ஷீட் விரிந்து ஓட்டையோரம் கீறும். முன் கண்ணாடி மட்டும் நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்த லேமினேட்டட்தான், அதில் பேச்சே இல்லை.

ரோல் கேஜில் எடை குறைக்க முடியுமா? முடியும், நேர்மையாகவே முடியும். சர்வதேச விதி, சீட்டுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டம் 2.5 கனம் அல்லது 50 விட்டம் 2 கனம் என்கிறது. மற்ற குழாய்களுக்கு 38-க்கு 2.5 அல்லது 40-க்கு 2. மீட்டருக்கு எடை பாருங்கள்: 45 குழாய் 2.62 கிலோ, 50 குழாய் 2.37, 38 குழாய் 2.19, 40 குழாய் 1.87. முதன்மை வளையம் 5 மீட்டர், மற்றது 20 மீட்டர் என்று வைத்தால் 57 கிலோ கேஜ் 49 கிலோவுக்கு வந்துவிடும். விதிக்குள்ளேயே, கார் கூரைக்குப் பக்கத்தில் இருக்கும் எடை ஏழரைக் கிலோ போகிறது. இதை விட்டுவிட்டுத் தண்ணீர் பைப்பை வளைத்து மாட்டுவதுதான் பெரிய ஆபத்து. குளிரில் இழுத்த, தையல் இல்லாத கார்பன் ஸ்டீல் குழாய், சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டனுக்குக் குறையாத இழுவலிமை (டென்சைல்) என்று சர்டிபிகேட் கேளுங்கள். கடைக்காரர் சீம்லெஸ் என்று சொல்வார். வெட்டிய முனைக்குள் விரலை விட்டுச் சுற்றினால் தையல் மேடு நகத்தில் தட்டும். ஒரு மீட்டர் துண்டை எடை போட்டாலும் பொய் வெளியே வந்துவிடும். உங்கள் மேசையில் ஓர் அல்ட்ராசானிக் கனமானி வையுங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குழாய் மெலிவது அங்கேதான். கால் தகடுகளைச் சின்னதாக்கி எடை குறைக்க வேண்டாம்: முதன்மை வளையக் காலுக்கு 120 சதுர சென்டிமீட்டர், 3 மில்லிமீட்டர் கனம், 8.8 கிரேடு எம்8 போல்ட் மூன்றுக்குக் குறையாமல். சீட் தாங்கிக்கும் அப்படித்தான்: ஸ்டீல் என்றால் 3 மில்லிமீட்டர், அலுமினியம் என்றால் 5.

சம்ப் கார்டில் அலுமினியம் போட்டால் உடைந்துவிடும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. 60-க்கு 70 சென்டிமீட்டரில் 3 மில்லிமீட்டர் ஸ்டீல் தகடு 9.9 கிலோ, 6 மில்லிமீட்டர் அலுமினியம் 6.8 கிலோ. வளையாமல் நிற்பதில் அலுமினியம் இரண்டரை மடங்குக்கு மேல். உடைவது கிரேடு தெரியாமல் வாங்குவதால். 6061 டி6 என்னும் கெட்டி கிரேடு அலுமினியத் தகட்டைக் கூர்மையாக மடித்தால் மடிப்பில் வெடிக்கும், வெல்டிங் செய்த இடமும் மெத்தென்று ஆகிவிடும். மடிக்க வேண்டியதென்றால் 5052 கிரேடு கேளுங்கள். போல்ட் தலை தகட்டுக்குள் பதிந்திருக்கட்டும், வெளியே நின்றால் கல் தேய்த்துத் தேய்த்துக் கழற்றவே முடியாமல் செய்துவிடும்.

பேட்டரியை டிக்கிக்கு மாற்றினால் எடை குறையும் என்று நினைப்பவர்களுக்கு: 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளில் செம்பு மட்டுமே மீட்டருக்கு 310 கிராம், நான்கு மீட்டருக்கு ஒன்றேகால் கிலோ. எடை ஏறுகிறது, ஆனால் முன்னாலிருந்து பின்னால் போகிறது. முன்சக்கர இழுவைக் காருக்கு அந்த இடமாற்றம் லாபம். வயரிங்கில் வெட்டரிவாள் வேலை வேண்டாம். தேவையில்லாத வயரைக் கனெக்டரிலிருந்து அதன் முனையோடு கழற்றி எடுங்கள். நடுவில் வெட்டினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் லைனும் சேர்ந்து போய்க் கார் ஸ்டார்ட் ஆகாது, எங்கே என்று தேடவும் முடியாது.

எடையில் பெரும்பகுதி பின்னாலிருந்தே போவதுதான் யாரும் கவனிக்காத சிக்கல். பின்பக்கம் 50 கிலோ குறைந்தால் பக்கத்துக்கு 25. சக்கரத்திடத்தில் மில்லிமீட்டருக்கு 2 கிலோ தாங்கும் ஸ்பிரிங் என்றால் பின்பக்கம் 12 மில்லிமீட்டர் தூக்கும். பிரேக் அடித்ததும் பின் சக்கரம் முன்னைவிடச் சீக்கிரம் பூட்டும், இறக்கத்து வளைவில் வால் தானாக வெளியே வரும். பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும், ஸ்பிரிங்குக்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பர் செட்டிங்கும், புது அலைன்மென்ட்டும் இல்லாமல் எடைக்குறைப்பு முடிந்ததாகக் கணக்கில்லை. ஸ்டெப்னியைப் பின் அச்சுக்கு முன்னால், தாழ்வாக, ராட்செட் பெல்ட் மட்டும் போதாமல் போல்ட் போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

ராலியில் நேரம் எடுத்து ஓட்டும் ஒரு ஸ்டேஜுக்கும் அடுத்த ஸ்டேஜுக்கும் நடுவில் பொதுச்சாலை வருகிறது. மாற்றியமைத்த வண்டி மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியதும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். அனுமதியை எழுத்தில் வாங்க முடியாத ரூட்டில் காரை டிரெய்லரில் ஏற்றிப் போகும்படி ரூட் போடுங்கள்.

உங்களிடம் கேட்பது இது. போட்டிக்கு முந்தின வாரம் ஒரு நாள் தராசு நான்கையும் விரித்துவைத்து, கட்டணம் இல்லாமல் யார் வந்தாலும் எடை பார்க்க விடுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் குறைந்தபட்ச எடை என்ன, ஆளோடா ஆளில்லாமலா, பெட்ரோலோடா இல்லாமலா என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள். உலக ராலிகளில் ஓடும் ராலி2 வகைக் காருக்கே 1230 கிலோ என்று கோடு போட்டிருக்கிறார்கள். நம் கோடு தெரியாமல் பசங்கள் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். எடை குறைந்துபோனவர் ஈடுகட்ட எடைக் கட்டி போடலாம், ஆனால் அது ஒற்றைக் கட்டியாக, தரையில் போல்ட் அடித்து, நீங்கள் சீல் வைக்கும்படி கண்ணுக்குத் தெரிய இருக்க வேண்டும். மணல் மூட்டையைச் சீட்டுக்குப் பின்னால் திணித்துக் கொண்டுவந்தால் ஏற்காதீர்கள்.

தராசு கொண்டுவந்து இறக்கவும், லெவல் பார்க்கவும், குழாய்க் கனம் அளக்கவும் ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள். பட்டறையை அன்றைக்கு மூடிவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரப் பட்டறைக்காரர்கள்