எட்டில் நின்ற வரைவு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கொஞ்ச நாள் கணினித் திரையைப் பார்க்காதே என்று மருத்துவர் சொல்லியிருப்பார். நீ கேட்க மாட்டாய். அதனால்தான் பெரிய எழுத்தில் அச்செடுத்து அனுப்புகிறேன்.

மொழிபெயர்ப்பு வரைவுகளுக்குத் தானாக எண் போட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக அடுக்கிய சிறு நிரல்) எழுதினேன் என்றேன் அல்லவா? கோப்பின் பெயரிலிருந்து கடைசி எண்ணைப் பிரித்து, ஒன்றைக் கூட்டி, புதுப் பெயரில் பிரதி எடுத்து வைக்கும். மொத்தமே ஏழு வரி. வரைவு_01 தொடங்கி ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. 08 வந்ததும் படுத்துவிட்டது. அடிமானத்துக்கு மதிப்பு மிகப் பெரியது என்று ஒரு புலம்பல் வேறு. எட்டு எப்படி மிகப் பெரியதாகும்? அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

எண்ணுக்கு முன்னால் சுழியம் நின்றால், ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் என்ற நிரல் அதை எட்டின் அடிமானத்தில், அதாவது பத்துப் பத்தாக இல்லாமல் எட்டு எட்டாக எண்ணும் முறையில், எழுதிய எண்ணாக எடுத்துக்கொள்கிறது. சி என்னும் நிரல் மொழியிலும் இதே வழக்கம்தான். அந்த முறையில் இருப்பவை 0 முதல் 7 வரையிலான இலக்கங்கள் மட்டுமே. 07 வரை இரண்டு முறையிலும் மதிப்பு ஒன்றுதான், ஆகவே என் பிழை ஒரு வாரம் ஒளிந்திருந்தது. புலம்பிவிட்டு நின்றதற்கு நன்றி சொல்ல வேண்டும். மூன்று இலக்கம் வைத்து 010இல் தொடங்கியிருந்தால், அதை எட்டாகப் படித்து, ஒன்றைக் கூட்டி, மூச்சுக் காட்டாமல் 009 என்று பெயர் வைத்திருக்கும்.

மருந்து சின்னதுதான். கணக்கில் எண்ணுக்கு முன்னால் 10# என்று ஒட்டினால் பத்தின் அடிமானத்திலேயே படிக்கும். இழந்த சுழியத்தைப் பிறகு பிரிண்ட்எஃப் (printf) கட்டளை மறுபடி சேர்த்துவிடும்.

நீ கேட்டது வேறு: நடுவில் ஓர் அத்தியாயம் நுழைக்க, பின்னால் உள்ளவற்றின் எண்களையெல்லாம் ஒன்று கூட்ட வேண்டும். தயவுசெய்து முன்னாலிருந்து தொடங்காதே. 3ஐ 4 ஆக்கும் கணத்திலேயே பழைய 4 போய்விடும். கடைசி எண்ணில் தொடங்கிக் கீழே இறங்கி வா. பெயர் மாற்றும் எம்வி (mv) கட்டளையோடு மைனஸ் என் (-n) சேர்த்துக்கொள். ஏற்கெனவே உள்ள கோப்பின் மீது எழுதாது. கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் கிட் மென்பொருளை வைத்துக்கொள்ளக் கூடாதா என்பாய். வைத்திருக்கிறேன். ஆனால் என் பதிப்பாசிரியருக்கு எண் போட்ட கோப்புதான் வேண்டுமாம்.

இப்போது வரைவு_23. மூன்றாம் அத்தியாயம் மட்டும் முதல் வரைவில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கண் சரியானதும் அதை உனக்கு அனுப்புகிறேன், இரக்கமில்லாமல் திருத்து.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்